ரோஸ் மூடி டப்பா

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனதும் முகம் சுளித்ததைப் பிரேமிளா பார்த்துவிட்டாள். கண்டி டவுனில் பன்னிரண்டு வருஷமாகப் பேன்சி சாமான் கடையில் நின்று கிரீமும் பவுடரும் விற்பவள் அவள். ஒருவர் முகம் சுளித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இதை எவ்வளவு காலமாப் பூசிறியள்?” டாக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் குரலில் தலைமை ஆசிரியையின் அதட்டல் இருந்தது.

“ரெண்டு வருசமா, டொக்டர்.”

“நிப்பாட்டினா எரியுதோ?”

“எரியுது. மிளகாய அரைச்சு அப்புன மாதிரி.”

சரக்கு வர ஒரு வாரம் பிந்தியதால்தான் நிறுத்தினாள். நான்காம் நாளே கன்னம் இரண்டும் சிவந்து, சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பி, கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். அதனால்தான் சரக்கு வந்த பிறகும் பயந்துபோய் பெரியாஸ்பத்திரியின் இந்தத் தோல் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“இதுக்குள்ள ஸ்டீரொயிட் இருக்கு. உங்கட முகத்தைப் பாத்தாலே தெரியுது. பாதரசமும் இருக்கும் எண்டுதான் நினைக்கிறன். முதல்ல வெளுக்கப் பண்ணும், பிறகு தோலைக் கெடுக்கும், கடைசியில கிட்னிக்குப் போகும். கன்னத்தில வாற கறுப்பு மங்கு எண்டது ஒரு கிழமையில போற வருத்தம் இல்லை. வெய்யிலுக்குக் கிரீம் போட்டு, குடை பிடிச்சு, நான் தாற மருந்தை மாசக்கணக்காப் பூச வேணும். விளங்குதோ?”

“விளங்குது, டொக்டர்.”

“வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?”

“இல்ல, டொக்டர்.”

கடையில் வாய் பழகிய பழக்கம், பொய் யோசிக்காமலே வந்துவிட்டது.

“நல்லது. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில இதை வச்சிருக்கவே கூடாது. அதுகளின்ர தோல் மெல்லிசு. பூசினது உள்ளுக்குப் போயிடும்.”

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அங்கேதான் கால் நின்றது. வியாழக்கிழமை, சரக்கு வந்த அன்றே, புசல்லாவைக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறாள். அக்கா துஷ்யந்திக்கு. அக்கா இருக்கும் வீட்டில் தம்பியின் ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. இன்றைக்குத் திங்கள்.

அக்காவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள், அது தெரிந்ததுதான். ஆனால் வீட்டில் தம்பி மனைவி மதுஷா இருப்பாளே, அவள் ஏன் எடுக்கவில்லை? மதுஷாவின் போனோ செத்துக் கிடந்தது. தம்பி கணேஸ் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்க்கிறான். அவனிடம் சொன்னால் அங்கிருந்து கத்துவானே தவிர வேறு என்ன செய்வான்? முதலாளிக்கு “இன்னிக்கு வர மாட்டேன்” என்று ஒரு செய்தி போட்டுவிட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பிரேமிளாவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஒன்றும் பெரிய புராணமில்லை. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தாள். பள்ளியில் ஓ.எல். பரீட்சை வரை படித்தாள். முனிசிபலில் வேலை செய்யும் ஸ்ரீதரனைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தாள். அம்பிட்டிய பக்கம் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், ஹாஷிம் முதலாளியின் கடையில் வேலை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு வந்து குடியேறியது. ஹாஷிம் முதலாளி நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. “தங்கச்சி, கிரீம் விக்கிற எடத்துல நிக்கிறீங்க, மொகத்துக்கும் கொஞ்சம் ஏதாச்சும் பாருங்க” என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவை போதாதா? அன்றிரவு அவள் சோறு சாப்பிடவில்லை.

எலுமிச்சம்பழம் தேய்த்தாள், தயிர் பூசினாள், கஸ்தூரி மஞ்சள் அரைத்தாள். மங்கு அசையவில்லை. கடையில் விற்கிற லேபிள் ஒட்டிய கிரீம்களின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா, என்ன? அப்போதுதான் கொழும்பிலிருந்து மாதம் ஒரு தடவை கண்டிக்கு வரும் ஒரு பெண் இந்த வெள்ளைக் கிரீமைக் கிலோக் கணக்கில் கொண்டுவந்து காட்டினாள். பேர் இல்லை, திகதி இல்லை, எங்கே செய்தது என்றும் இல்லை. பதினாலே நாளில் மங்கு போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் “என்ன பூசுறீங்க?” என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். விளம்பரத்துக்கு அவள் முகமே போதும். ஹேவாஹெட்ட, ஹுன்னஸ்கிரிய, புசல்லாவை என்று தோட்டம் தோட்டமாகப் பேர் பரவி, ‘கிரீம் அக்கா’ ஆகிவிட்டாள். முதலாளிக்கு இந்த வியாபாரம் தெரியாது. தெரிந்தால் அந்த நிமிஷமே கடையை விட்டு இறக்கியிருப்பார்.

புசல்லாவை வழியாகப் போகும் நுவரெலியா பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் சுதேஷ் பழகிய பையன். அவள் பார்சல்களெல்லாம் அவன் கையில்தான் போகும். இந்த ரோட்டில் மருந்து, சீலை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாமே கண்டக்டர் கையில் கொடுத்து, தோட்டத்துச் சந்தியில் ஆள் நின்று வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். மேலே எந்தப் பேர் எழுதியிருக்கிறதோ அந்த வீட்டுக்காரர் யாராவது வந்தால் கொடுத்துவிடுவான்.

“சுதேஷ், வியாழக்கிழம ஒரு பார்சல் தந்தேனே, யாரு வந்து வாங்குனா?”

“அன்னிக்கே குடுத்தாச்சுக்கா. உங்க தம்பி சம்சாரம்தான் வந்தாங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னாங்க.”

பிரேமிளா மறுபடி அக்காவின் நம்பரை அழுத்தினாள். அக்கா வந்து வாங்குவதாகத்தான் பேச்சு. பறிப்பு முடிய நேரமாகியிருக்கும், அக்கா வராமல் மதுஷா வந்திருக்கிறாள்.

விஷயம் பார்சல் அல்ல, டப்பா. துஷ்யந்தி விதவை. நாற்பத்து மூன்று வயது. புருஷன் போய் நாலு வருஷமாகிறது. இருபத்தைந்து வருஷம் மலையில் வெயிலில் நின்ற முகம், கன்னம் முழுக்கத் தேயிலைச் சாயம் கொட்டியது போல் கறுத்துக் கிடக்கும். போன வாரம் போனில் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திக் கேட்டாள்: “அடியேய், எனக்கும் ஒரு டப்பா அனுப்புறியா? கண்ணாடியப் பாக்கவே பிடிக்கலடி. ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. தாலியறுத்தவளுக்கு மினுக்கு என்னத்துக்குன்னு லயமே சிரிக்கும்.” ஆசை தாலியைப் பார்த்தா வருகிறது? ஆனால் லயம் பார்க்கும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கஷாயம் வைக்கிற இடம் அது.

பிரேமிளாதான் அந்த யோசனையைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். “பேபி கிரீம் டப்பாவுல போட்டு அனுப்புறேங்க்கா. பிள்ள இருக்குற வீடு. யாரு என்னன்னு கேக்கப்போறா?” பக்கத்து வீட்டில் காலியான ரோஸ் மூடி டப்பாவைக் கழுவி, அதில் கிரீமை நிரப்பினாள். மருந்து வாடை வருகிறதே என்று பேபி கொலோன் நாலு சொட்டு விட்டுக் கலக்கினாள். பிள்ளைக் கிரீமே தோற்றுப்போகும், அப்படி ஒரு வாசம்.

கெலிஓயா போனது. கம்பளையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் இறங்கி நிதானமாகப் பிளேன்டீ குடித்தார். பிரேமிளாவுக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அக்காவின் நம்பருக்கு ஒன்பதாவது தடவை அடித்தாள். எடுக்கவில்லை. மதுஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாளோ? அங்கே என்னவென்று சொல்லுவாள்? பிள்ளைக் கிரீம் பூசினேன் என்றுதானே சொல்லுவாள்? டாக்டர்மார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஒரு விஷயத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. அந்தக் கொழும்புக்காரி முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தாள்: “மாசமா இருக்கிற, பால் குடுக்கிற பொம்பளைங்களுக்கு மட்டும் இதக் குடுக்காதீங்க.” ஏன் என்று பிரேமிளா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் விற்க முடியாது. வாங்குகிறவர்களிடமும் அதைச் சொன்னதில்லை. தன் முகத்தில் எரிச்சல் வந்த பிறகுதான் டாக்டரைத் தேடிப் போகத் தெரிந்தது என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

புசல்லாவையில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். தோட்டத்து ரோட்டில் ஆட்டோ குலுங்கி ஏறும்போது வேண்டாத தெய்வமில்லை. லயத்து வாசலில் இறங்கியபோது மணி ஒன்று. பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த மதுஷா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“அட, வாங்க சின்ன மதினி! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க! போன் அடிச்சீங்களா? நான் பீலியில நின்னுட்டேன்.”

“பிள்ள எங்க?”

“உள்ள தூங்குறான். ஏன், மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு?”

பிரேமிளா நேரே உள்ளே போனாள். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு ஒழுங்காக வந்தது. குனிந்து பார்த்தபோது அந்த வாசம் வந்தது, அவள் கலந்த கொலோன் வாசம். ஜன்னல் கட்டையில் ரோஸ் மூடி டப்பா. திறந்தாள். பாதி காலி.

“மதுஷா, இத எங்க பூசுன?”

“தொட இடுக்குலதான் மதினி. சொறி மாதிரி வந்து கத்திக்கிட்டே கெடந்தான். நீங்க அனுப்புன கிரீம் என்ன மருந்தோ, மூணே நாள்ல போன எடம் தெரியல!” என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தாள். “அப்புறம் மூஞ்சிலயும் கொஞ்சம் பூசுனேன். அவங்கப்பா மாதிரி கறுத்துப்போறானேன்னு. பாருங்க, நெறம் வந்துருச்சு.”

ஐந்து மாதப் பிள்ளையையும் இந்த ஊர் விடவில்லை. அதைச் சொல்லப் பிரேமிளாவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? டப்பாவை மூடித் தன் கைப்பையில் போட்டாள்.

“ஏன் மதினி எடுக்குறீங்க?”

“டப்பா மாறி வந்துருச்சு. இது… டேட் முடிஞ்சது. பிள்ளையக் கண்டிக்குக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிறலாம், வா.”

மதுஷாவின் சிரிப்பு நின்றது. அவள் ஓ.எல்.லுக்கும் மேலே ஏ.எல். வரை படித்தவள், சாமர்த்தியக்காரி. “டேட் முடிஞ்ச கிரீமுக்கு யாராச்சும் கண்டியில இருந்து ஓடி வருவாங்களா? மாறி வந்துச்சுன்னா, இது யாருக்குப் போகவேண்டியது?”

“ஒரு கஸ்டமருக்கு.”

“பார்சல்ல நம்ம வீட்டுப் பேருதானே எழுதியிருந்துச்சு?”

பிரேமிளா கைப்பையின் வாயை மூடப் பார்த்தாள், மூடவில்லை. பொய் சொல்லிப் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கும் ஒரு நேரத்தில் சரக்கு தீர்ந்துபோகும். அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. பகல் பறித்த கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்த துஷ்யந்தி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு நின்றாள். தங்கையைப் பார்த்தாள், கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ரோஸ் மூடியைப் பார்த்தாள். தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லிவிடாதே என்று அந்தத் தலை கெஞ்சியது. அக்கா இத்தனை வருஷத்தில் அவளிடம் கெஞ்சியதே இல்லை.

பிரேமிளா தொட்டிலைப் பார்த்தாள். சொன்னால் அக்காவின் மானம் போகும். சொல்லாவிட்டால் மதுஷா பிள்ளையைத் தரமாட்டாள், அடுத்த பஸ் மூன்று மணிக்கு.

“அக்கா,” என்றாள், “இதுல பாதரசம் இருக்காம். டாக்டர் சொன்னாங்க. பிள்ளைக்கு கிட்னி போயிருமாம்.”

துஷ்யந்தியின் கையிலிருந்த கூடை நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“அது எனக்கு வந்தது மதுஷா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. பிறகு சத்தமாகச் சொன்னாள், அடுத்த வீட்டுக் காம்பறாவுக்கும் கேட்கிற மாதிரி. “எனக்குத்தான். என் மூஞ்சிக்கு. நான்தான் வெக்கப்பட்டுப் பிள்ள டப்பாவுல அனுப்பச் சொன்னேன்.”

“நான் பூசுறதப் பாத்தீங்கள்ல, பெரிய மதினி?”

“பாத்தேன். வியாழக்கிழம சாயங்காலமே பாத்தேன். சொல்ல வாய் வரல. பொம்பளைங்க பூசுறதுதானே, பிள்ளைக்கு என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன். பாவி நான்.”

பக்கத்துக் காம்பறாவில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மதுஷா யாரையும் திட்டவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள், அவன் கன்னத்தை ஈரத் துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தூக்கம் கலைந்த பிள்ளை வீறிட்டு அழும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். துஷ்யந்தி போய்த்தான் அந்தத் துணியைக் கையிலிருந்து வாங்கினாள்.

மூன்று மணி பஸ்ஸில் மூன்று பேரும் பிள்ளையோடு கண்டிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியதையெல்லாம் பிரேமிளாதான் சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை, கொழும்புக்காரி சொன்னதைக்கூட. அதைச் சொல்லும்போது மதுஷா பக்கத்தில்தான் நின்றாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையை வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், பிள்ளை ஒன்றுக்குப் போன சலத்தைப் பிடித்து எங்கேயோ அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் பிரேமிளா கண்ணாடி பார்க்கவில்லை. முகம் எரிந்தது, தோல் உரிந்தது, ஒதுங்கியிருந்த மங்கு பழைய இடத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். முதலாளி ஒன்றும் கேட்காமல் அவளைப் பின்பக்கம் சாமான் அடுக்கும் வேலைக்கு மாற்றினார். அதையெல்லாம் அவள் பொருட்டாக எடுக்கவில்லை. பிள்ளை பால் குடித்தானா, ஒன்றுக்குப் போனானா என்று வார்ட்டில் மதுஷாவோடு நின்ற அக்காவுக்கு நாளுக்கு நாலு தடவை போன் அடித்தாள். மதுஷா போனை வாங்கவே இல்லை.

பதினோராம் நாள் அதே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா கடதாசியைப் புரட்டிப் பார்த்தார்.

“பிள்ளையின்ர உடம்பில பாதரசம் இருக்கு. ஆனா கொஞ்சம்தான். நாலு நாளோட நிப்பாட்டினது நல்லதாப் போச்சு. கிட்னிக்கு இப்ப ஒண்டும் இல்லை. அடுத்த மாசம் திரும்பப் பாப்பம்.”

துஷ்யந்தி கதிரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிரேமிளா எழுந்துபோய் அந்தக் கடதாசியைத் தானும் ஒரு தடவை பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு வெளியே லேசாகத் தூறியது. மதுஷா குடையை விரிக்க வேண்டும், கடதாசிகளைப் பைக்குள் வைக்க வேண்டும், பிள்ளையோ தோளில். பிரேமிளா இரண்டு கையையும் நீட்டினாள். “குடு, நான் வச்சிருக்கேன்.”

மதுஷா அவளைத் தாண்டிப்போய்ப் பிள்ளையைத் துஷ்யந்தியின் கையில் கொடுத்தாள்.

பிரேமிளாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டாள். “ஏன் மதுஷா, அக்காவும் சொல்லாமத்தானே இருந்துச்சு?”

“பெரிய மதினிக்கு அது என்னன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்.” மதுஷா குரலை உயர்த்தவில்லை. குடையை விரித்துப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்தாள். “தெரிஞ்சும் எத்தன வீட்டுக்கு அனுப்புனீங்க? அந்த வீட்டுலெல்லாம் பிள்ளைங்க இல்லையா மதினி?”

அவர்கள் இருவரும் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்கள். துஷ்யந்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பிறகு பிள்ளையை அணைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பிரேமிளா தூறலிலேயே நின்று போனை எடுத்தாள். பேர்கள் வரிசையாக இருந்தன: கிரீம் ஹேவாஹெட்ட சகீனா, கிரீம் ஹுன்னஸ்கிரிய, கிரீம் கடுகண்ணாவ டீச்சர், கிரீம், கிரீம், கிரீம். விரலால் தள்ளத் தள்ள வரிசை முடியவே இல்லை. முதல் நம்பரை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“கிரீம் அக்காவா? நானே அடிக்கணும்னு இருந்தேன். டப்பா முடிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு வேணும்.”

“சகீனா, ஒண்ணு கேக்குறேன். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

“இருக்கு. மக நேத்துத்தான் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. பிள்ள இப்ப என் மடியிலதான் இருக்கு. ஏன் கேக்குறீங்க?”